சோலைவரிக்கும் ஒரு வாக்குச்சீட்டு

2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் அடுத்த ஆண்டுப் பாதீடு இரண்டு முறை வாக்கெடுப்புக்கு வந்தது. இரண்டு முறையும் தோற்றது. இரண்டாம் முறையும் தோற்றதால் சட்டப்படி முதல்வர் இம்மானுவேல் ஆர்னோல்ட் பதவியை இழந்தார். டிசம்பர் 30ஆம் திகதி, ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் வி. மணிவண்ணன் முதல்வரானார். 2022 முடியும்போது அவரும் பாதீட்டுச் சிக்கலில்தான் விலகினார். ஆர்னோல்ட் திரும்பி வந்தார். 2023இல் அவர் சமர்ப்பித்த பாதீடும் தோற்றது.

அந்த வாரங்களில் ஊரெல்லாம் பேச்சு ஒன்றுதான்: எந்தக் கட்சி யார் பக்கம், யாருக்கு எத்தனை வாக்கு, அடுத்த முதல்வர் யார்? தோற்றுப்போன அந்தப் பாதீட்டில் எந்த வட்டாரத்து வாய்க்காலுக்கு எவ்வளவு, எந்த ஒழுங்கைக்கு எவ்வளவு என்று கேட்டவர்கள் குறைவு. அதே 2020 டிசம்பர் முதல் வாரத்தில்தான் புரெவிப் புயல் மழையைக் கொட்டித் தீர்த்தது. வெள்ளம் வடிய வழியில்லாத ஒழுங்கைகளில் சனம் தண்ணீருக்குள் நின்றது. அந்த வெள்ளத்துக்கு வழிவிட வேண்டிய வாய்க்காலின் பணம் சபைக்குள் ஒரு பதவிப் போட்டிக்குப் பகடைக்காயாகக் கிடந்தது.

இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. சபைப் பணத்தின் ஒரு பங்கையாவது, அந்தந்த வட்டாரத்தில் வாழும் மக்கள் தாங்களே வாக்களித்து, எந்த வேலைக்கு என்று தீர்மானிக்க வேண்டும். ஆலோசனைக் கூட்டம், கருத்துக் கேட்பு, மனுக் கொடுப்பு எல்லாம் போதாது. வாக்குச்சீட்டு வேண்டும். உலகத்தில் பல நகரங்கள் இதைச் செய்து பார்த்துவிட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது மற்ற எந்த இடத்தையும் விட அவசரமானது என்பது என் துணிபு.

யாருடைய பணம்?

தீவகத்தையும் சேர்த்து யாழ். மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. யாழ்ப்பாணம் மாநகர சபை. சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை நகர சபைகள். நெடுந்தீவிலிருந்து வலிகாமம் கிழக்கு வரை 13 பிரதேச சபைகள். இவற்றின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எல்லாம் நமது பைதான். வீட்டுக்குக் கட்டும் சோலைவரி. சந்தைக் குத்தகை. கடை திறக்கக் கட்டும் அனுமதிக் கட்டணம். காணி உறுதி முடிக்கும்போது செலுத்தும் முத்திரைத் தீர்வையும், நீதவான் நீதிமன்றில் கட்டும் தண்டப்பணமும்கூட மாகாணத்தின் வழியாகச் சபைக்குத்தான் வந்து சேர வேண்டும். நிரந்தர ஊழியர் சம்பளத்துக்கு மாகாண சபை மீள்நிரப்புப் பணம் தருகிறது. குப்பை வண்டிக்கு எரிபொருள், வீதி விளக்கு, திருத்த வேலை எல்லாம் போக, புதிய வேலைக்கு எஞ்சுவது சிறிய தொகை. சிறிய தொகை என்பதால்தான் அது எங்கே போகிறது என்பது பெரிய விடயம்.

இன்று அதை யார் தீர்மானிக்கிறார்கள்? வட்டார உறுப்பினர் கேட்கிறார், தவிசாளர் சரி பார்க்கிறார், சபை கையுயர்த்துகிறது. பாதீட்டு வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் என்று அறிவித்தல் வருவது உண்மை. ஆனால் அதைப் பார்க்க அலுவலக நேரத்தில் போக வேண்டும். போனால் கிடைப்பது தலைப்பு வாரியான தொகைகள். தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் ஒரு பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டு அந்தப் பக்கங்களைப் புரட்டப் போக மாட்டார். போனாலும், ‘வீதிகள் பராமரிப்பு’ என்ற ஒற்றை வரியில் தன் வீட்டு ஒழுங்கை இருக்கிறதா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது.

சபைக்கு வெளியேயும் பணம் வருகிறது. 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்ற உறுப்பினர் கையில் ஒரு தொகையைக் கொடுத்தது. அந்த வழக்கம் பெயர் மாறி மாறி இன்னும் தொடர்கிறது. 2018, 2019 காலத்தில் அரசின் ‘கம்பெரலிய’ கிராம அபிவிருத்தித் திட்டப் பணம் வந்தபோது கோவில் மதிலும் வாசிகசாலைக் கூரையும் ஒழுங்கைக் கொங்கிரீட்டும் நம் ஊர்களில் எழுந்தன. நல்ல வேலைகள் பல நடந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் இடம் பிடிக்க எம்பியைத் தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். தெரிந்தவர் இல்லாத ஊருக்கு மதகு இல்லை. எண்பது வயதைத் தொட்டவர்கள்கூட இன்னும் ‘எங்கட ஒழுங்கைக்கு எப்ப வரும்?’ என்று ஆரையோ பார்த்துக் கேட்டபடிதான் இருக்கிறார்கள்.

போருக்குப் பின்னர் ஒரு சிறு மாற்றம் வந்தது. 2010இல் உலக வங்கி 5 கோடி டொலர் கொடுத்து வடக்கு, கிழக்குக்கென்று தொடங்கிய திட்டத்தை ஊரில் எல்லாரும் ‘நெல்சிப்’ என்றே அழைத்தார்கள். மக்களைக் கலந்து பேசித் திட்டமிட வேண்டும் என்பது அதன் விதி. பிரதேச சபைகள் முதன்முறையாகக் கிராமங்களுக்குப் போய் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதின. சந்தைகள், வாய்க்கால்கள், வீதிகள் அதில் உருவாயின. அதற்குப் பின் 2019இல் உலக வங்கி அங்கீகரித்த ‘எல்.டி.எஸ்.பி.’ என்ற உள்ளூர் அபிவிருத்தி உதவித் திட்டமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தையும் சேர்த்துக்கொண்டு அதே தடத்தில் வந்தது. இந்த முயற்சிகளை நான் மதிக்கிறேன். சபை உத்தியோகத்தர்களுக்கு மக்கள் முன்னே நின்று பேசும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததே பெரிய காரியம். ஆனாலும் விருப்பப் பட்டியலைச் சொல்லிவிட்டு மக்கள் வீட்டுக்குப் போனார்கள். எதை முதலில் செய்வது, எதை விடுவது என்பதை வேறு மேசையில் வேறு ஆட்கள் முடிவெடுத்தார்கள். திட்டத்தின் காலம் முடிந்ததும் கேட்கும் வழக்கமும் தளர்ந்தது. வெளியார் நிபந்தனையால் வந்த பழக்கம் நிபந்தனை போனதும் நிற்காது.

கூட்டுப் பணம் நமக்குப் புதிதல்ல

இந்த மண்ணில் பணத்தைக் கூடிச் சேர்ப்பதும் கூடிச் செலவழிப்பதும் நூறு வருடப் பழக்கம். யாழ்ப்பாணப் பொது நூலகம் அரசாங்கம் கட்டித் தந்ததல்ல. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் இலவசமாக நடத்திய சிறு நூல்நிலையம்தான் அதன் வேர். 1934இல் பொதுக்கூட்டம் கூடிக் குழு அமைத்தார்கள். பின்னர் கட்டடத்துக்காகக் களியாட்டவிழா நடத்தி, அதிர்ஷ்டச் சீட்டு விற்று, வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார்கள். 1954இல் அடிக்கல். 1959 ஒக்டோபரில் திறப்பு. 1981இல் அது எரிக்கப்பட்டபோது யாழ்ப்பாணம் அப்படித் துடித்ததற்கு, எரிந்த நூல்களோடு தாங்கள் கொடுத்த சதங்களும் எரிந்தன என்பதும் ஒரு காரணம்.

மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை 1930களில் ஊர் மக்கள் பங்கு போட்டு எழுப்பியது. யாழ். நகரின் மத்தியில் நாடகமும் கூட்டமும் நடக்கும் வீரசிங்கம் மண்டபம், கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூட்டுறவில் ஒருவர் நூறு பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரு வாக்குத்தான். அந்த நியாயம் நமது பாட்டன்மாருக்குப் புரிந்திருந்தது. சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், ஐக்கிய நாணய சங்கம், விளையாட்டுக் கழகம் என்று ஒவ்வொரு குறிச்சியிலும் கணக்குப் புத்தகம் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பொருளாளரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கவும் தெரியும்.

வாக்குரிமையின் பெறுமதியும் நமக்குத் தெரியும். 1931இல் இலங்கையில் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது, ஆசியாவில் அதுவே முதல். அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் புறக்கணித்தது. பூரண சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சொன்னதைக் குடாநாடு கேட்டது. அந்த முடிவு சரியா பிழையா என்று இன்றும் விவாதிக்கிறோம். வாக்கை ஒரு ஆயுதமாகக் கருதிய சமூகம் இது என்பதில் மட்டும் விவாதமில்லை.

அந்தச் சமூகத்தின் வாக்கை எவ்வளவு எளிதாகத் தள்ளிவைத்தார்கள் என்பதும் நினைவிருக்க வேண்டும். 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை, செலவுக்குப் பணமில்லை என்று நிறுத்தினார்கள். மார்ச் 19ஆம் திகதியோடு சபைகளின் காலம் முடிந்தது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இரண்டு வருடத்துக்கு மேல் நமது சோலைவரியை ஒரு மக்கள் பிரதிநிதிகூட இல்லாத சபைகள் வாங்கிச் செலவழித்தன. செயலாளர்களும் ஆணையாளரும் தம்மால் ஆனதைச் செய்தார்கள், அவர்கள் மீது குறையில்லை. ஆனால் மக்களின் அபிப்பிராயம் நான்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் ஒரேயொரு தேர்தலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், அந்த ஒரு கயிற்றை அறுத்தால் எல்லாம் விழுந்துவிடும். ஒவ்வொரு வருடமும் வட்டாரத்தில் ஒரு வாக்கெடுப்பு நடக்கும் பழக்கம் இருந்திருந்தால் இந்த இரண்டு வருடமும் இப்படிச் சத்தமில்லாமல் கழிந்திருக்காது.

மற்ற ஊர்களில்

பிரேசிலின் போர்த்து அலெக்ரே நகரில் தொழிலாளர் கட்சி 1989இல் இதைத் தொடங்கியது. நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி மக்களும் கூடி எது முக்கியம் என்று வாக்களித்தார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், வசதி குறைந்த பகுதிக்குக் கூடுதல் புள்ளி கொடுத்தது. தண்ணீரும் மலக்கழிவுக் குழாயும் இல்லாத குடிசைப் பகுதி, எல்லாம் உள்ள பகுதியோடு சமமாக நின்று போட்டியிட வேண்டியதில்லை. 1988இல் நூற்றுக்கு 75 வீடுகளுக்கு இருந்த தண்ணீர், வடிகால் இணைப்பு 1997இல் 98 ஆனது. பிறகு ஆட்சிகள் மாறின, ஒதுக்கிய பணம் சுருங்கியது, 2017இல் நிறுத்தியே விட்டார்கள். மக்கள் வாக்களித்த வேலை நடக்காமல் போகத் தொடங்கியதும் மக்கள் வருவதும் குறைந்தது. யாழ்ப்பாணத்தில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பக்கத்தில் கேரளம் இருக்கிறது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கிய அரசு, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளூராட்சிகளுக்கு என்று அறிவித்தது. மூத்த இடதுசாரித் தலைவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் வழிகாட்டினார், பொருளியலாளர் தோமஸ் ஐசக் முன்னின்று நடத்தினார். ஊராட்சிகளுக்குத் திறமை வரட்டும், பிறகு பணம் தருவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பணத்தை முதலில் கொடுத்தார்கள், அதைச் செலவழிக்கும்போது திறமை வந்தது. ‘எங்கட சனத்துக்கு இதெல்லாம் விளங்காது’ என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

போலந்தில் 2018இல் சட்டமே வந்தது. பெரிய நகரங்கள் முந்தைய ஆண்டுச் செலவில் குறைந்தது 0.5 சதவீதத்தை மக்கள் வாக்களித்துத் தீர்மானிக்க விட வேண்டும். அரை வீதம் கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஆனால் சட்டத்தில் இருப்பதால் முதல்வர் மாறினாலும் அது போகாது.

பாரிஸ் நகரம் 2014இல் தன் முதலீட்டுப் பணத்தில் 5 சதவீதத்தை இப்படி ஒதுக்கியது. வாக்களிக்கப் பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை, பாரிஸில் வசித்தால் போதும். லா ஷப்பேல் பக்கம் அறை எடுத்துத் தங்கி, உணவகத்தில் வேலை செய்து, இன்னும் விசாவுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளை, தன் தெருவில் மரம் நடுவதா சைக்கிள் பாதை போடுவதா என்று வாக்களிக்கலாம். வேலணையிலோ கரவெட்டியிலோ சொந்தக் காணியில் இருந்து வரி கட்டும் அவன் தாய்க்குத் தன் வீட்டு வாசலில் உள்ள மதகைப் பற்றி அந்த உரிமை இல்லை. இது என்னைச் சுடுகிறது.

கையுயர்த்தல் வேண்டாம்

சனசமூக நிலையங்கள் இருக்கின்றன, கூட்டம் கூட்டிக் கேட்டால் போதாதா என்று நல்ல எண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. போதாது. காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்: சாதி.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தைப் பொலிஸார் தடியால் அடித்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் உள்ளே போக விடு என்று மனிதர்கள் நிற்க வேண்டியிருந்தது. அது ஐம்பது வருடத்துக்கு முந்திய கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் ஊரைச் சுற்றி நடந்து பாருங்கள். தார் வீதி எந்த இடத்தில் முடிகிறது, மின்கம்பம் எந்த ஒழுங்கையோடு நிற்கிறது, மழை வெள்ளம் எந்தக் குடியிருப்புக்குள் வழிந்து தேங்குகிறது, நல்ல தண்ணீருக்கு யார் அதிகம் நடக்கிறார்கள் என்று பார்த்தால், யாரும் எழுதி வைக்காத ஒரு வரைபடம் கண்ணுக்குத் தெரியும். பொதுக்கூட்டத்தில் முன்வரிசையில் ஓய்வுபெற்ற அதிபரும் கோவில் தர்மகர்த்தாவும் இருக்க, பின்னால் நிற்கும் கூலித் தொழிலாளி அவர்கள் முன்மொழிந்த மண்டபத்துக்கு எதிராகக் கையுயர்த்துவாரா? அடுத்த நாள் அவர்களிடமே வேலைக்குப் போக வேண்டியவர் அவர். கணவனும் மாமனாரும் இருக்கும் சபையில் ஒரு பெண் தனக்கு வேண்டியது மாணவிகள் நடந்து வரும் பாதைக்கு விளக்கு என்று தனியாகச் சொல்வாளா?

இரகசிய வாக்குச்சீட்டுத்தான் இவர்களுக்குக் கவசம். கூட்டம் நடக்கட்டும், வாதிடட்டும், முன்மொழிவுகள் எல்லாம் அங்கே பிறக்கட்டும். முடிவு மட்டும் பெட்டிக்குள் விழ வேண்டும். பெரும்பான்மைக் குடியிருப்பு சிறுபான்மைக் குடியிருப்பை வருடா வருடம் தோற்கடிக்கும் ஆபத்து அப்போதும் இருக்கிறது. அதற்குத்தான் போர்த்து அலெக்ரேயின் கூடுதல் புள்ளி. ஒரு வட்டாரத்தில் மூன்று வேலைக்குப் பணம் இருந்தால், அதில் ஒன்று அடிப்படை வசதி இல்லாத குடியிருப்புக்கு என்று முன்கூட்டியே விதி எழுதிவிட வேண்டும்.

யாருக்கு வாக்கு என்பதும் இங்கே எளிதான கேள்வி அல்ல. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, காணி விடுவிக்கப்பட்ட பின்னும் திரும்பி வராமல் வேறு இடத்தில் வேர் பிடித்துவிட்டன. தீவகத்தில் பூட்டிய வீடுகள் ஏராளம். திருநெல்வேலியில் பல்கலைக்கழக மாணவர்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் வேறு மாவட்டத்து வாக்காளர் இடாப்பில். டொரன்டோவிலும் லண்டனிலும் உள்ள ஊர்ச் சங்கங்கள் தாம் அனுப்பும் பணத்தால் ஊரில் ஏற்கெனவே பெரிய குரல் வைத்திருக்கின்றன. அந்தப் பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சபைப் பணத்தைப் பொறுத்தவரை என் அளவுகோல் ஒன்றுதான்: அந்த வட்டாரத்தில் இரவு படுத்து எழும்புபவர் எவரோ அவருக்கு வாக்கு. குடிக்கூலிக்கு இருப்பவருக்கும், மலையகத்திலிருந்து வந்து குடியேறியவருக்கும், பதினாறு வயதுப் பிள்ளைக்கும். வெள்ளத்தில் நனைகிறவர்கள் இவர்கள்தான்.

சட்டம் தடையா?

தடையில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்க இடம் தருகிறது. பாதீட்டை நிறைவேற்றும் அதிகாரம் சபையிடம்தான் இருக்கும், இருக்க வேண்டும். வட்டார வாக்கெடுப்பின் முடிவை அப்படியே பாதீட்டில் சேர்ப்போம் என்று சபை ஒரு தீர்மானம் எடுத்தால் போதும். நாடாளுமன்றத்துக்குப் போகத் தேவையில்லை. கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதிகாரப் பகிர்வு பற்றி எழுபது வருடமாகப் பேசும் நமது கட்சிகள், தங்கள் கையில் ஏற்கெனவே உள்ள அதிகாரத்தைக் கீழே பகிர்ந்து காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எதிர்ப்பு உறுப்பினர்களிடமிருந்து வரும். வட்டாரத்துக்கு வேலை கொண்டுவந்தவர் என்ற பெயர்தான் அவர்களின் அடுத்த தேர்தலுக்கான மூலதனம். அதை விட்டுக்கொடுக்கச் சொல்வது கடினம். ஆனால் 2018இலிருந்து நடைமுறைக்கு வந்த கலப்புத் தேர்தல் முறையில், விகிதாசாரப் பட்டியலில் சபைக்கு வந்தவர்கள் பலர், நூற்றுக்கு 25 என்ற ஒதுக்கீட்டில் வந்த பெண்கள் பலர், தமக்கென்று வட்டாரமே இல்லாமல் சபையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாக்கெடுப்பை ஒழுங்கு செய்யும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தால் அவர்களுக்கும் ஒரு வேலை, ஊருக்கும் ஒரு நடுவர்.

இன்னொரு கருவியும் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, உள்ளூர்ப் பணத்தில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் எதுவும் தொடங்க மூன்று மாதத்துக்கு முன் அதன் விபரத்தை மக்களுக்குச் சொல்லும் கடமையைப் பொறுப்பான அமைச்சர் மீது வைக்கிறது. வாக்கெடுப்பில் வென்ற வேலையின் மதிப்பீடு, ஒப்பந்தகாரர் பெயர், கொடுத்த தொகை மூன்றையும் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டாவிட்டால் அடுத்த வருடம் யாரும் பெட்டி பக்கம் வர மாட்டார்கள்.

17 சபைகளும் ஒரே வருடத்தில் தொடங்க வேண்டாம். ஒரு சபை, மூன்று வட்டாரம் போதும். முதல் தடை பணமாக இருக்காது, தொழில்நுட்ப உத்தியோகத்தர் தட்டுப்பாடாக இருக்கும். மக்கள் முன்மொழியும் ஒவ்வொரு வேலைக்கும் அவர் வந்து அளந்து, இவ்வளவு செலவாகும் என்று எழுதிக் கொடுத்த பின்னர்தான் அதை வாக்குச்சீட்டில் அச்சிடலாம். விலை தெரியாத பொருளுக்கு வாக்களிக்கச் சொல்வது ஏமாற்று. ஆகவே முன்மொழிவுகள் ஆனியில் சேர வேண்டும், அளவை ஆடியில் முடிய வேண்டும். நல்லூர்த் திருவிழா முடிந்து, மாரி மழை தொடங்கு முன் உள்ள வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. டிசம்பர் பாதீட்டில் அது ஏறினால், அடுத்த கோடையில் வாய்க்கால் வெட்டி, அடுத்த மாரிக்கு முன் மதகை மூடிவிடலாம். 2025இல் தெரிவான சபைகளுக்கு நான்கு வருடம் பதவிக்காலம். இந்த ஒழுங்கில் ஒரு சுற்று முடிய ஒன்றரை வருடம் ஆகும்.